கிராம்பஸை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

பனிமலைச் சமையல்காரன்

டிசம்பர் 5 நெருங்கினால் எங்கள் பக்கம் வேறு பேச்சே இருக்காது. ஆஸ்திரியாவில், சால்ஸ்பர்க் மாநிலத்தின் காஸ்டைன் பள்ளத்தாக்கில் ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிறேன். கிராம்பஸ், அதாவது பிள்ளைகளை மிரட்ட வரும் பூத வேஷம், என்றதும் நம்மவர்கள் பலருக்கு நினைவு வருவது இணையத்தில் சுற்றும் ஊர்வலப் படங்கள்தான்: கொம்பு, தொங்கும் நாக்கு, சங்கிலி, குறும்புக்காரப் பிள்ளைகளை அள்ளிப் போட்டுக்கொண்டு போக முதுகில் ஒரு கூடை. இந்தப் பள்ளத்தாக்கில் அது வீட்டுக்கே வரும். அதுவும் தனியாக வராது. பிஷப் உடையில் நிக்கோலோ (புனித நிக்கோலஸ்), அவருடன் ஒரு தேவதை, பரிசுக்கூடை சுமப்பவர், பின்னால் நான்கைந்து கிராம்பஸ்கள் என்று ஒரு குழுவாக வரும். இப்படிப் பல குழுக்கள் 5, 6 தேதிகளின் இரவுகளில் வீடு வீடாக ஏறி இறங்கும்.

நான் குடியிருக்கும் வீட்டுக்கார அம்மாள் அன்று மாலையே கூடத்து விரிப்பைச் சுருட்டிவிட்டார். உடையக்கூடியதெல்லாம் அலமாரிக்கு மேலே போனது. பேரப்பிள்ளைகள் இருவரையும் மூலை பெஞ்சில், மேசைக்குப் பின்னால் உட்கார வைத்தார். என்னையும் அவர்களோடு உட்காரச் சொன்னார். நான் பெரியவன் என்று கதவோரம் நின்றுகொண்டேன்.

முதலில் வருவது மணியோசை. இடுப்புப் பட்டையில் பின்பக்கமாகக் கட்டிய கனத்த மணிகள். ஓசை நின்றால் யார் வீட்டுக்குள்ளோ நுழைந்துவிட்டார்கள் என்று பொருள். மறுபடி கேட்டால் அடுத்த வீடு. மூத்த பேரன் அதை வைத்தே ஒவ்வொரு வீடாகப் பெயர் சொல்லிக்கொண்டு வந்தான். பக்கத்து வீட்டில் ஓசை நின்றதும் பேச்சை நிறுத்திவிட்டான்.

நிக்கோலோ உள்ளே வந்து பெரிய புத்தகத்தைத் திறந்தார். தங்கையின் மீன் தொட்டியில் ஷாம்பு ஊற்றியது யார் என்று கேட்டார். பையனுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! வாசற்படியில் நான்கு கிராம்பஸ்கள் உறுமிக்கொண்டு நிற்கின்றன. அவன் கண் அந்தப் புத்தகத்தை விட்டு நகரவில்லை. பாட்டி பகலிலேயே ஒரு சீட்டு எழுதி வாசல் பூந்தொட்டிக்கு அடியில் வைத்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

அப்புறம் கிராம்பஸ்கள் உள்ளே பாய்ந்தன. ஒன்று என் முகத்துக்கு எதிரே வந்து நின்றது. மலைப் பைன் மரத்தில் செதுக்கிய முகம். கொம்பு நிஜ ஆட்டுக் கொம்பு, அடியில் வளர்ச்சி வரிகள்கூடத் தெரிந்தன. வாய்ப் பிளவு வழியாக உள்ளே இருப்பவனின் மூச்சு ஆவியாக வந்துகொண்டிருந்தது. பனியில் நனைந்த ஆட்டுத்தோலின் வாடை வேறு. ஆட்டிறைச்சியோடு காலம் தள்ளுகிற எனக்கே குமட்டியது. கெண்டைக்காலில் பிர்ச் மர விளாறால் இரண்டு வைத்தது பாருங்கள், மறுநாள் அடுப்படியில் நிற்கும்போதும் எரிந்தது.

ஒரு கிராம்பஸ் மேசை விளிம்பைப் பிடித்து உலுக்கியதும் சின்னவள் அலறிவிட்டாள். நிக்கோலோ கோலைத் தரையில் ஒரு தட்டுத் தட்டினார். நான்கும் அப்படியே பின்வாங்கி வாசலுக்குப் போய்விட்டன. பையன் ஒரு பாட்டு ஒப்பித்தான். வேர்க்கடலையும் ஆரஞ்சும் கிடைத்தன. பிள்ளைகளை உள்ளறைக்கு அனுப்பிவிட்டுப் பாட்டி வந்தவர்களுக்கு ஷ்னாப்ஸ் என்ற சாராயம் ஊற்றிக் கொடுத்தார்.

நம் ஊர்ப் பூச்சாண்டி வருவான், வருவான் என்பார்களே தவிர, ஒருநாளும் வந்ததில்லை. அதனாலேயே போனதும் இல்லை. இவன் சொன்ன தேதிக்கு வந்து, சொன்னபடி கேட்டு, போயும் விடுகிறான். எனக்கு இது தேவலை என்று படுகிறது. நீங்கள் பார்த்ததை எழுதுங்கள்.

இசார்க்கரை அம்மா

அண்ணா, உங்கள் வீட்டில் கோலைத் தட்ட ஒருவர் இருந்தார். மியூனிக்கில் மாரியன்பிளாட்ஸ் கிறிஸ்துமஸ் சந்தைக்கு நடுவே கிராம்பஸ் ஓட்டம் நடக்கும். சந்தைக்கு வந்த கூட்டத்துக்குள் அவை புகுந்து வரும். என் மகளுக்கு அப்போது நான்கு வயது. அங்கே சிரித்துக்கொண்டுதான் நின்றாள். ஒன்று குனிந்து தன் ரோமக் கையை நீட்டியபோது கையும் கொடுத்தாள். நாங்களும் படம் எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

இரவு விளக்கை அணைத்த பிறகு கேட்டாள்: “அம்மா, அது நம் மாடிக்கு லிஃப்ட்டில் வருமா, படியேறி வருமா?” வராது என்றேன். “சந்தைக்கு மட்டும் வந்ததே?” அதற்கு என்ன பதில் சொல்வது? பல நாள் எங்கள் இருவருக்கும் நடுவில்தான் படுத்தாள்.

இதை வெளியூர்க்காரியின் புலம்பல் என்று தள்ள வேண்டாம். 1950களிலேயே வியன்னாவில் கிராம்பஸ் பிள்ளைகளின் மனத்தைக் கெடுக்கும் என்று பெற்றோருக்குத் துண்டறிக்கை கொடுத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால், 1930களில் ஆஸ்திரியாவை ஆண்ட சர்வாதிகார அரசுக்கும் கிராம்பஸ் ஆகவில்லை. அது குழந்தைகள் மேல் உள்ள இரக்கத்தால் அல்ல என்பது வேறு விஷயம். எங்கள் மழலையர் பள்ளிக்கு டிசம்பர் 6 அன்று நிக்கோலஸ் மட்டும்தான் வருவார். எனக்கு அதுவே போதும்.

இன்ஸ்ப்ரூக் மாணவன்

பெரியவர்களுக்கும் பயம் வேண்டுமென்றால் ஆஸ்திரியாவின் கிழக்குத் திரோலில் மாட்ரய் என்ற ஊருக்குப் போங்கள். அங்கே அவன் பெயர் கிளௌபௌஃப். வீட்டுக்குள் வந்து மிரட்டுவதோடு நிறுத்த மாட்டான். சாப்பாட்டு மேசையையே வெளியே இழுத்துப் போவான். வீட்டு ஆண்கள் மேசையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். அதுதான் வழக்கம்.

கூடப் படிப்பவனின் சித்தப்பா வீட்டில் நானும் பிடித்தேன். தடித்த பழைய மரமேசை. உள்ளேயிருந்து நாங்கள் ஐந்து பேர். வெளியே ஆட்டுத்தோல்களின் கூட்டம். மேசைக்கால் வாசல் நிலையில் சிக்கி முறுக்கியபோது என் விரல் நடுவில் இருந்தது. “விடாதே!” என்று சித்தப்பா கத்துகிறார். விரல் போனாலும் மேசை போகக் கூடாது போலிருக்கிறது. போகவில்லை, ஒரு கால் மட்டும் ஆடத் தொடங்கிவிட்டது. அந்த மனிதருக்கு அதில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! அடுத்த வருடம் வரை அதைச் சரிசெய்யப் போவதில்லை என்றார்.

தெருவுக்கு வந்ததும் ஒருவன் என்னைத் தூக்கிப் பனியில் போட்டான். கைகொடுத்து எழுப்பிவிட்டவனும் அவனே. எழுப்பிவிட்டு மறுபடியும் போட்டான்.

வைக்கோல் பார்த்தவன்

ஜெர்மனியின் பெர்க்டெஸ்காடன் பக்கம் கொம்பைவிட வைக்கோலுக்குத்தான் நான் பயந்தேன். புட்ன்மாண்டில் என்பார்கள். உச்சி முதல் பாதம் வரை வைக்கோல் சுற்றிய ஆட்கள், முதுகில் பெரிய மாட்டு மணிகள், நிக்கோலஸுடன் பண்ணை வீடுகளுக்குப் போவார்கள். கிளம்புவதற்கு முன் சேர்ந்து நின்று ஜெபம் செய்வார்களாம். சரசரப்பும் மணியும் இருட்டுக்குள்ளிருந்து நம்மை நோக்கி வரும்போது அந்த ஜெபம் நமக்குத்தான் தேவைப்படுகிறது.

சந்தேகம் ஒன்று: ஜனவரியில் அங்கே இதே மாதிரி முகமூடிகளைப் பார்த்ததாக நண்பர் சொன்னார். அவையும் கிராம்பஸ்தானா?

பனிமலைச் சமையல்காரன்

இல்லை. அவை பெரும்பாலும் பெர்ஹ்டன் என்ற வேறு வேஷங்கள். குளிர்காலத்தின் கெட்டதை விரட்ட, கிறிஸ்துமஸுக்கும் ஜனவரி 6க்கும் இடைப்பட்ட இரவுகளில் வருபவை. பிள்ளைகளைத் தண்டிப்பது அவற்றின் வேலை அல்ல. இப்போது பல ஊர்களில் இரண்டையும் ஒரே ஊர்வலத்தில் கலந்துவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கார அம்மாள் முன்னால் அப்படிக் கலந்து பேசினால் ராத்திரிச் சாப்பாடு கிடைக்காது.

தங்கையே, உங்கள் மகளின் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை. பெரிய ஊர்வலங்களில் எல்லோருக்கும் நடுவில் நிக்கோலோ எங்கே நிற்கிறார் என்றே தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான்கு வயதுக்கு அது அதிகம்தான். அட்டூழியம் செய்பவனை அடையாளம் காட்ட, சில ஊர்களில் உடையில் எண் ஒட்டியிருப்பார்கள். குடித்துவிட்டு வரம்பு மீறினால் அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு ஏற்பாட்டாளரிடம் சொல்லலாம்.

இந்த வருடம் போகிறவர்கள் ஜீன்ஸை நம்ப வேண்டாம், விளாறு அதையும் தாண்டி உறைக்கும். உள்ளே கம்பளிக் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். துரத்தும்போது ஓடாதீர்கள், ஓடுகிறவனைத்தான் முதலில் பிடிப்பார்கள். கொம்பை மட்டும் எக்காரணம் கொண்டும் பிடித்து இழுக்காதீர்கள். உள்ளே இருப்பவனின் கழுத்து அந்தக் கனத்த மரத்தோடு சேர்ந்து திரும்பும். அதற்குப் பிறகு அவன் கோபம் வேஷக் கோபமாக இருக்காது. கண்ணாடி போட்டவர்கள் கழற்றிப் பையில் வைத்துவிடுங்கள்.