‘ஏனென்றால்’ எங்கே? ஆய்வு முன்மொழிவில் கோட்பாட்டைச் சேர்த்த அனுபவங்கள்

தொடங்கியவர்

என் முதல் ஆய்வு முன்மொழிவு திரும்பி வந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை செய்பவர்களில் சிலர் நடைப்பயிற்சியைத் தொடர்கிறார்கள், பலர் பாதியில் விட்டுவிடுகிறார்கள். எதனால் என்பதுதான் தலைப்பு. படித்த கட்டுரைகளில் கண்ணில் பட்ட மாறிகளையெல்லாம் சேர்த்திருந்தேன். வயது, எடை, வேலை நேரம், தூக்கம், மன அழுத்தம், நண்பர்களின் ஆதரவு என்று மொத்தம் 17. இரண்டாம் அத்தியாயத்தில் ‘கோட்பாட்டுப் பின்னணி’ என்று தலைப்புப் போட்டு, ஐசெக் அய்சன் 1991-இல் விரிவாக எழுதிய திட்டமிட்ட நடத்தைக் கோட்பாட்டைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருந்தேன். மூன்றாம் அத்தியாயத்தில் அந்தக் கோட்பாட்டின் பெயர் ஓர் இடத்தில்கூட வரவில்லை. நெறியாளர் காட்டும்வரை எனக்கு அது தெரியவே இல்லை.

அவர் என்னைத் திட்டவில்லை. கருதுகோள்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார். படித்து முடித்ததும் ஒரே சொல்தான் கேட்டார். “நண்பர்களின் ஆதரவு கூடினால் நடைப்பயிற்சி கூடும், ஏனென்றால்? முடிங்கம்மா.” முந்தைய ஆய்வுகளில் அப்படித்தான் வந்திருக்கிறது சார் என்றேன். “அது ஏற்கெனவே வந்த முடிவு. ஏன் வந்ததுன்னு கேக்கறேன்.” ஒன்பது கருதுகோளில் இரண்டுக்குத்தான் என்னால் அந்த வாக்கியத்தை முடிக்க முடிந்தது.

அப்புறம் தாளின் பின்பக்கத்தைத் திருப்பி ஒரு கணக்குப் போட்டார். 17 மாறிகளை இரண்டிரண்டாகச் சேர்த்தால் 136 ஜோடி. 5 சதவீத மட்டத்தில் சோதித்தால், உண்மையில் எந்த ஜோடிக்கும் தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாகவே கிட்டத்தட்ட 7 ஜோடி ‘முக்கியத்துவம் உடையது’ என்று வந்து நிற்கும். அந்த ஏழுக்கும் பிறகு உட்கார்ந்து காரணம் தேடி, முதலிலிருந்தே அதைத்தான் எதிர்பார்த்தேன் என்று எழுதிவிடலாம். நார்பர்ட் கெர் 1998-இல் இந்தப் பழக்கத்துக்கு ‘ஹார்க்கிங்’ என்று பெயரே வைத்திருக்கிறார். முடிவு தெரிந்த பிறகு கருதுகோள் எழுதுவது. நான் செய்யவில்லை, ஆனால் செய்வதற்கு எல்லா வசதியும் என் முன்மொழிவில் இருந்தது.

திருத்தி எழுத உட்கார்ந்தபோதுதான் கோட்பாடு என்ன வேலை செய்யும் என்று புரிந்தது. அய்சன் சொல்வது இவ்வளவுதான்: ஒரு செயலைப் பற்றிய மனப்பான்மை, வேண்டியவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்ற எண்ணம், அது தன் கைக்குள் இருக்கிறது என்ற உணர்வு, இந்த மூன்றும் சேர்ந்து ‘செய்வேன்’ என்ற எண்ணத்தை உருவாக்கும், அந்த எண்ணம் செயலைக் கொண்டுவரும். இப்போது ‘நண்பர்களின் ஆதரவை’ எங்கே வைப்பது? ஒரு நாள் முழுக்க அதிலேயே போனது. நான் நடக்க வேண்டும் என்று நண்பர் நினைக்கிறார் என்றால் அது இரண்டாவது பெட்டி. நண்பர் கூடவே நடக்க வருவதால் எனக்குச் சுலபமாக இருக்கிறது என்றால் அது மூன்றாவது பெட்டி. ஒரே சொல்லுக்குள் இரண்டு வழி. பழைய கேள்வித்தாளில் ‘நடைப்பயிற்சிக்கு நண்பர்கள் ஆதரவு தருகிறார்களா?’ என்று ஒரே கேள்வி. அதற்கு ஒருவர் ‘ஆம்’ என்று போட்டால் எந்த வழியைச் சொல்கிறார் என்று எனக்கு எப்படித் தெரியும்? புதிய கேள்வித்தாளில் அது இரண்டு தனித்தனித் தொகுதியாக ஆனது.

‘நடைப்பயிற்சி நல்லது என்று நினைக்கிறீர்களா?’ என்ற கேள்வியும் போனது. மனப்பான்மையை எந்த அளவு துல்லியமாகக் கேட்கிறோமோ அதே அளவு துல்லியமாகத்தான் செயலையும் அளக்க வேண்டும் என்பது அய்சனின் விதி. யாரைக் கேட்டாலும் நடப்பது நல்லதுதான் என்பார்கள். ‘அடுத்த இரண்டு வாரத்தில், வாரத்துக்கு 5 நாள், 30 நிமிடம் நடப்பது எனக்கு...’ என்று தொடங்கினால்தான் பதில்கள் பிரிந்து வரும்.

எடையும் தூக்கமும் வெளியே போயின. வயதும் பாலினமும், அவற்றின் தாக்கத்தைக் கழித்துப் பார்ப்பதற்கான கட்டுப்பாட்டு மாறிகளாக நின்றன. மாதிரி அளவுக்கும் இப்போது ஒரு காரணம் இருந்தது. எண்ணத்தை விளக்க மூன்று சாரா மாறி, நடுத்தர விளைவு, 5 சதவீத மட்டம், 80 சதவீதத் திறன் (விளைவு உண்மையில் இருந்தால் அது கண்ணில் படும் வாய்ப்பு) என்று மாதிரி அளவைக் கணக்கிடும் ஜி-பவர் மென்பொருளில் கொடுத்தால் 77 பேர். உண்மையில் நடந்தார்களா என்று பிறகு கேட்கும் இரண்டாம் சுற்றில் விட்டுப்போகிறவர்களுக்காக அதற்கு மேல் கொஞ்சம். முன்பு 300 என்று எழுதியிருந்தேன். ஏன் 300 என்று கேட்டிருந்தால் அதற்கும் என்னிடம் ‘ஏனென்றால்’ கிடையாது.

உங்களுக்கு எப்படி நடந்தது? எழுதுங்கள்.

செவிலியர், முனைவர் பட்ட மாணவி

எனக்கு அந்தக் கேள்வி வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில்தான் விழுந்தது. ரத்த அழுத்த மாத்திரையை நோயாளிகள் தவறாமல் சாப்பிடுகிறார்களா என்பது என் ஆய்வு. சட்டகம் ஹெல்த் பிலீஃப் மாடல். தனக்கு வரும் என்ற எண்ணம், வந்தால் கடுமை என்ற எண்ணம், பலன், தடை, செயலில் இறங்கத் தூண்டும் குறிப்பு என்று ஐந்தையும் வரிசையாக வைத்து ஒவ்வொன்றிலிருந்தும் ‘மாத்திரை சாப்பிடுதல்’ என்ற பெட்டிக்கு அம்பு போட்டிருந்தேன். படம் அழகாகவே இருந்தது.

புறத்தேர்வாளர் கேட்டது இது: “இந்த மாடல் எந்தப் பிரச்சினைக்காகப் பிறந்தது?” அதைப் படித்திருந்தேன், நல்லவேளை. 1950-களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையில் இருந்த ஹாக்பாம், ரோசன்ஸ்டாக் போன்ற உளவியலாளர்கள் உருவாக்கியது. காசநோய்க்கு மார்பு எக்ஸ்ரே எடுக்க வாய்ப்பு இருந்தும் பலர் ஏன் வரவில்லை என்று பார்த்தார்கள். “ஆமாம்மா. எக்ஸ்ரேக்கு ஒரு நாள் வந்தால் போதும். உங்கள் நோயாளி எத்தனை நாள் மாத்திரை சாப்பிட வேண்டும்?” வாழ்நாள் முழுக்க என்றேன். சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒருமுறை செய்யும் செயலுக்காகப் பிறந்த மாடலை, தினமும் செய்ய வேண்டிய செயலுக்கு அப்படியே எடுத்து வைத்திருக்கிறேன். இந்தக் காரணத்துக்காகத்தான் 1988-இல் ரோசன்ஸ்டாக், ஸ்ட்ரெச்சர், பெக்கர் மூவரும் ‘தன்னால் முடியும் என்ற நம்பிக்கை’யை அதில் சேர்த்தார்கள். பழக்கத்தை மாற்றி, மாற்றியதைக் காப்பாற்றிக்கொண்டு வர அந்த நம்பிக்கை வேண்டும். என் கேள்வித்தாளில் அது இல்லை. டேட்டா எடுத்து முடித்தாகிவிட்டது. ‘ஆய்வின் வரம்புகள்’ பகுதியில் எழுதினேன், வேறு வழியில்லை.

இப்போது ஜூனியர்கள் முன்மொழிவோடு வந்தால் நான் முதலில் கேட்பதும் அதே கேள்விதான்.

தொழில்சார் உளவியல் மாணவர்

என்னுடையது சின்ன விஷயம்தான், ஆனால் ஆறு மாதம் மிச்சமானது. காரசெக் 1979-இல் முன்வைத்த வேலைப்பளு – கட்டுப்பாடு மாடலை எடுத்திருந்தேன். கருதுகோள்கள் இப்படி இருந்தன: (1) வேலைப்பளு கூடினால் மனச்சோர்வு கூடும். (2) முடிவெடுக்கும் சுதந்திரம் கூடினால் மனச்சோர்வு குறையும்.

புள்ளியியல் சொல்லித்தரும் மேடம் பார்த்துவிட்டு, “இதுக்கு காரசெக் எதுக்குப்பா?” என்றார். அவர் கேட்டது நியாயம். வேலை கூடினால் சோர்வு வரும் என்று யார் வேண்டுமானாலும் சொல்லலாம். காரசெக்கின் வாதமே இரண்டும் சேரும் இடத்தில்தான் இருக்கிறது: பளு அதிகம், சுதந்திரம் குறைவு என்ற சேர்க்கைதான் ஆளை உருக்குகிறது, அதே பளு சுதந்திரத்தோடு வந்தால் கற்றுக்கொள்ளவும் வளரவும் வழி செய்யும். அதைச் சோதிக்க ரிக்ரெஷனில் (மாறிகளை வைத்து விளைவைக் கணிக்கும் புள்ளியியல் முறை) இரண்டு மாறியின் பெருக்கலையும் சேர்க்க வேண்டும். ‘சுதந்திரம் குறைவாக இருப்பவர்களிடம் பளுவுக்கும் சோர்வுக்கும் உள்ள தொடர்பு வலுவாக இருக்கும்’ என்று மாற்றி எழுதினேன். அந்த ஒரு வாக்கியத்தால் மாதிரி அளவும் ஏறியது, ஏனென்றால் இப்படி இரண்டும் சேர்ந்து காட்டும் இடைவினை விளைவுகள் பெரும்பாலும் சிறியவை, சின்ன மாதிரியில் கண்ணில் படாது. இடைவினை வராமல் போகவும் வாய்ப்பு உண்டு. பல ஆய்வுகளில் இரண்டும் தனித்தனியாகத்தான் வேலை செய்திருக்கின்றன. வராவிட்டால் வரவில்லை என்று எழுதுவேன். கோட்பாட்டின் எந்தப் பகுதி நிற்கவில்லை என்று துல்லியமாகச் சொல்ல முடியும் இல்லையா, அதற்காகவே எனக்கு இந்த வடிவம் பிடித்திருக்கிறது.

தகவல் அமைப்புகள் துறை

எல்லோரும் எடுக்கிறார்கள் என்று நானும் டெக்னாலஜி அக்செப்டன்ஸ் மாடலை எடுத்தேன். ஃப்ரெட் டேவிஸ், 1989. பயனுள்ளது என்ற எண்ணம், சுலபமானது என்ற எண்ணம், இவற்றால் பயன்படுத்தும் எண்ணம். அளவுகோல் தயாராகக் கிடைக்கிறது, நம்பகத்தன்மை நன்றாக வருகிறது. முன்மொழிவும் ஒரே அமர்வில் ஒப்புதல் பெற்றுவிட்டது. யாரும் எதுவும் கேட்கவில்லை, அதுதான் இன்றும் எனக்கு வருத்தம்.

முன்னோட்ட ஆய்வுக்குப் போனபோதுதான் தெரிந்தது. நான் எடுத்த நிறுவனத்தில் அந்த மென்பொருளைப் பயன்படுத்தியே ஆக வேண்டும். அதில் பதிவு செய்யாவிட்டால் விடுப்பே கிடைக்காது. ‘வரும் மாதங்களில் இதைப் பயன்படுத்த எண்ணியிருக்கிறேன்’ என்ற கேள்விக்கு 30 பேரில் எல்லோருமே 7-க்கு 6 அல்லது 7 போட்டிருந்தார்கள். சார்ந்த மாறி அசையவே இல்லை. அசையாத ஒன்றை எந்த மாறி விளக்கும்? ஓர் ஊழியர் தாளைத் திருப்பித் தரும்போது, “எண்ணம் இல்லன்னா விட்டுடுவாங்களா சார்?” என்று கேட்டார். என் மொத்த ஆய்வின் குறையும் அந்தக் கேள்வியில் இருந்தது.

வெங்கடேஷும் சகாக்களும் 2003-இல் பல மாடல்களை ஒன்றாக்கியபோது ‘தன்விருப்பமா, கட்டாயமா’ என்பதையும் ஒரு நெறிப்படுத்தும் மாறியாக, அதாவது மற்ற தொடர்புகளின் வலுவை மாற்றும் ஒன்றாக வைத்திருந்தார்கள். அதைப் படித்தும் என் களத்தோடு ஒட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் சார்ந்த மாறியையே மாற்றினேன். பயன்படுத்துகிறாரா என்பதை விட்டுவிட்டு, எத்தனை வசதிகளைத் தானாகத் தேடிப் பயன்படுத்துகிறார் என்று பார்த்தேன். அங்கே ஆளுக்கு ஆள் நல்ல வேறுபாடு இருந்தது.

மருத்துவப் புள்ளியியலாளர்

ஒரு சின்ன மறுப்பு. எல்லா அளவுசார் ஆய்வுக்கும் கோட்பாடு வேண்டும் என்று புதியவர்கள் இதைப் படித்து எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரு நோய் எத்தனை பேருக்கு இருக்கிறது என்று கணக்கெடுப்பவருக்கு நல்ல மாதிரியெடுப்பும் சரியான வரையறையும்தான் வேண்டும். அங்கே கோட்பாட்டை ஒட்டவைத்தால் அது ஒட்டாது. ஏன், எதனால் என்று கேட்கும்போதுதான் அதன் தேவை வருகிறது.

புதிதாக வந்தவர்

அக்கா, நான் இப்போதுதான் முன்மொழிவு எழுதத் தொடங்கியிருக்கிறேன். நீங்கள் சொன்ன மாதிரி எழுதிப் பார்த்தேன்: ‘ஆசிரியர் வீட்டுப்பாடத்துக்கு உடனுக்குடன் பின்னூட்டம் தந்தால் கணிதத் தேர்வில் மதிப்பெண் கூடும், ஏனென்றால் மாணவருக்குத் தன்னால் முடியும் என்ற நம்பிக்கை வளரும்.’ உளவியலாளர் பாண்டுராவின் தன்திறன் நம்பிக்கை, 1977. நம்பிக்கையை இடையீட்டு மாறியாக (பின்னூட்டத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் நடுவில் நிற்கும் கண்ணி) வைத்து, மூன்றையும் ஒரே கேள்வித்தாளில் ஒரே நாளில் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

தொடங்கியவர்

வாக்கியம் நன்றாக இருக்கிறது தம்பி, உண்மையாகவே. என் முதல் முன்மொழிவில் இப்படி ஒன்றுகூட இல்லை. இரண்டு இடத்தில் மட்டும் நிறுத்திப் பாருங்கள்.

ஒன்று, நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று பாண்டுரா நான்கு ஊற்று சொல்கிறார்: தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற இன்னொருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் தரும் ஊக்கச் சொல், உடலும் மனமும் அப்போது இருக்கும் நிலை. இதில் தானே செய்து வெல்வதுதான் வலிமையானது என்பது அவர் வாதம். உங்கள் ‘பின்னூட்டம்’ இதில் எது? ‘நன்றாகச் செய்தாய்’ என்று எழுதினால் அது ஊக்கச் சொல். ‘மூன்றாவது வரியில் குறியை மாற்ற மறந்துவிட்டாய், திரும்பப் போட்டுப் பார்’ என்று எழுதி, பையன் போட்டு, சரியாக வந்தால் அது வென்ற அனுபவம். இரண்டுமே மறுநாளே கைக்கு வந்திருக்கலாம். நீங்கள் எத்தனை நாளில் வந்தது என்பதை மட்டும் அளந்தால் இந்த வேறுபாடு உங்கள் டேட்டாவில் இருக்காது. என் ‘நண்பர்களின் ஆதரவு’க்கு நடந்தது அதேதான்.

இரண்டு, ஒரே நாள். பின்னூட்டம் முதலில், நம்பிக்கை அடுத்து, மதிப்பெண் கடைசியில் என்று உங்கள் ‘ஏனென்றால்’ ஒரு வரிசையைச் சொல்கிறது. எல்லாவற்றையும் ஒரே நாளில் எடுத்தால் அந்த வரிசை போய்விடும். நல்ல மதிப்பெண் வாங்கியதால் நம்பிக்கை வந்ததா என்று யாராவது கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. ஒரே சமயத்தில் எடுத்த டேட்டாவில் இடையீட்டைக் கணக்கிட்டால் எவ்வளவு தவறாகப் போகலாம் என்று மேக்ஸ்வெல்லும் கோலும் 2007-இல் காட்டியிருக்கிறார்கள். நம்பிக்கையை எப்போது அளக்கப் போகிறீர்கள்?

புதிதாக வந்தவர்

அட்டவணையை மாற்றிவிட்டேன் அக்கா. பருவத் தொடக்கத்தில் ஒரு கணிதத் தேர்வு, நம்பிக்கையும் அப்போதே ஒரு முறை. அடுத்த ஆறு வாரம் திருத்திய தாள்களின் படிகளைச் சேகரித்து, திரும்பப் போட்டுப் பார்க்கச் சொன்ன குறிப்பு எத்தனை, வெறும் பாராட்டு எத்தனை என்று பிரித்து எண்ணப்போகிறேன். பிறகு நம்பிக்கை, இரண்டு வாரம் கழித்துத் தேர்வு. நேற்று ஓர் ஆசிரியரிடம் பழைய தாள்கள் 20 வாங்கி எண்ணிப் பார்த்தேன். ‘திரும்பப் போடு’ என்ற குறிப்பு இரண்டே தாளில்தான் இருந்தது. இன்னும் சில ஆசிரியர்களின் தாள்களையும் பார்த்துவிட்டுத்தான் மாதிரியை முடிவு செய்ய வேண்டும்.