குண்டு வத்தலுக்கு ‘ஜிஎம் இல்லை’ சான்று: எங்கே வாங்குவது? (கேட்டவர் ‘தொண்டிக்கரை’; மற்ற பெயர்கள் பதில் சொன்னவர்களுடையவை.)

தொண்டிக்கரை:
ஆர்.எஸ்.மங்கலம், திருவாடானை பக்கத்துக் குண்டு மிளகாய் வத்தல் ஒரு கன்டெய்னர், தூத்துக்குடி வழியாக ஜெர்மனிக்குப் போகவேண்டும். முழு வத்தல், காம்பு கிள்ளியது. வாங்குகிறவர் ‘அரசு கொடுத்த ஜிஎம் (மரபணு மாற்றம்) இல்லாச் சான்று’ கேட்கிறார். ஏஜென்டோ, ‘எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) 24 பயிருக்கு அதைக் கட்டாயமாக்கியிருக்கிறது, அங்கே வாங்குங்கள்’ என்கிறார். இந்தியாவில் ஜிஎம் மிளகாயே சாகுபடியில் இல்லையே, பிறகு எதைச் சோதிப்பது? கிட்டங்கியில் பாதி இடத்தில் பருத்தி வேறு கிடக்கிறது. அதனால் ஏதும் வருமா?

துறைமுகத் தாள்:
ஏஜென்ட் சொல்லும் உத்தரவு இறக்குமதிக்கு. 2020 ஆகஸ்டில் போட்டார்கள், 2021 மார்ச் 1 முதல் அமல். வெளிநாட்டிலிருந்து இங்கே வரும் அரிசி, மக்காச்சோளம், சோயா, ஆப்பிள் மாதிரி 24 உணவுப் பயிர்களுக்கு, அனுப்பும் நாட்டின் அரசு அமைப்பு சான்று தரவேண்டும். தற்செயல் கலப்பு 1% வரை பொறுப்பார்கள். வெளியே போகும் உங்கள் சரக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஐரோப்பியச் சட்டமும் அந்தத் தாளைக் கேட்கவில்லை. அங்கே 1829/2003, 1830/2003 என்று இரண்டு விதிகள். ஜிஎம் பொருள் என்றால்தான் லேபிளும் கைமாறும்போதெல்லாம் எழுத்து விவரமும் வேண்டும். அது இல்லாத சரக்குக்குத் தனித் தாள் கிடையாது. ஆகவே இது வாங்குகிறவரின் சொந்த நிபந்தனை. தூத்துக்குடி தாவரத் தனிமைப்படுத்தல் நிலையம் தரும் பைட்டோ சான்று பூச்சி, நோய்க்கு மட்டும். அதில் ஜிஎம் பற்றி எழுதச்சொல்லி நிற்பது வெட்டி அலைச்சல்.

நீங்கள் கொடுக்கக்கூடியது இரண்டு: லெட்டர்ஹெட்டில் லாட் எண் போட்ட உறுதிமொழி, அதே லாட்டுக்கு என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்குத் தர அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகார லேபின் பிசிஆர் (டிஎன்ஏவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) அறிக்கை. பெரும்பாலான வாங்குவோர் இதை ஏற்பார்கள். ‘அரசுச் சான்று’ என்ற வரியை ஒப்பந்தத்திலிருந்து இப்போதே எடுக்கச் சொல்லுங்கள். எல்சியில் (பணத்துக்கு வாங்குகிறவரின் பேங்க் தரும் உறுதிக் கடிதம்) அந்த வார்த்தை ஏறிவிட்டால் பேங்க் தாளைத் திருப்பிவிடும்.

பிசிஆர் மேசை:
மிளகாயில் ஜிஎம் இல்லை என்பது சரி. ஆனால் ஐரோப்பிய லேப் செடியைப் பார்ப்பதில்லை, மூட்டைக்குள் இருக்கும் டிஎன்ஏவைப் பார்க்கிறது. பிடி பருத்திக்கு, அதாவது புழுவைத் தாங்கும் ஜிஎம் பருத்திக்கு, இங்கே 2002-இல் அனுமதி கிடைத்தது. இப்போது ஏறக்குறைய எல்லாப் பருத்தியும் அதுதான். முதல்கட்டச் சோதனையில் தேடுவது 35எஸ் புரமோட்டர், நாஸ் டெர்மினேட்டர் என்று பல ஜிஎம் பயிர்களில் சேர்க்கப்படும் இரண்டு டிஎன்ஏ துண்டுகளை. போல்கார்டு என்ற பிடி பருத்தியில் இரண்டும் உண்டு. பருத்திக்கு ஓடிய சாக்கில் வத்தலைப் பிடித்தாலோ, ஒரே களத்தில் உலர்த்தினாலோ, பஞ்சு ஏற்றிய லாரியைக் கூட்டாமல் ஏற்றினாலோ, தூசியும் உடைந்த கொட்டையும் போதும், ‘டிடெக்டட்’ என்று வந்துவிடும்.

0.9% வரை லேபிள் வேண்டாம் என்ற சலுகையை நம்பி இருக்காதீர்கள். அது ஐரோப்பாவில் அனுமதி பெற்ற ஈவென்ட்டுக்கு (ஒரு குறிப்பிட்ட ஜீன் மாற்றம்) மட்டும், அதுவும் தவிர்க்கமுடியாத கலப்பு என்று காட்டினால். அனுமதி இல்லாத ஈவென்ட் உணவில் துளி இருந்தாலும் பொறுக்கமாட்டார்கள். 2021-இல் இந்தியக் குருணையில் அரைத்த அரிசி மாவில் ஜிஎம் அரிசி இருப்பதாக பிரான்ஸ் எச்சரிக்கை விட்டது. இங்கே ஜிஎம் அரிசி சாகுபடியே இல்லை என்று நம் தரப்பு சொன்னது. இருந்தாலும் அந்த மாவு சேர்ந்த மிட்டாய் வரை திரும்பப் பெற்றார்கள்.

லேபுக்கு எழுதும்போது வெறும் ‘ஜிஎம் டெஸ்ட்’ என்று எழுதாதீர்கள். 35எஸ், நாஸ், கண்டறியும் எல்லை எவ்வளவு, தாவர ரெஃபரன்ஸ் ஜீன் (சாம்பிளில் தாவர டிஎன்ஏ கிடைத்ததைக் காட்டுவது), இன்ஹிபிஷன் கன்ட்ரோல் (பிசிஆர் தடைபடவில்லை என்று காட்டுவது) — இவ்வளவும் அறிக்கையில் வரவேண்டும். கடைசியது முக்கியம். வத்தலின் எண்ணெயும் பாலிஃபீனாலும் பிசிஆரை அடக்கிவிடும். கலப்பு இருந்தும் ‘நாட் டிடெக்டட்’ வரும். டிஎன்ஏவை 10 மடங்கு நீர்த்து மறுபடி ஓட்டச் சொல்லுங்கள். இங்கே நெகட்டிவ், ஹாம்பர்க்கில் பாசிட்டிவ் என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

35எஸ் வந்துவிட்டால் பதறவேண்டாம். காலிஃபிளவர் மொசைக் வைரஸிலிருந்து எடுத்த துண்டு அது. வைரஸ் இருந்தாலும் வரும். பருத்தி ரெஃபரன்ஸ் ஜீனையும் வைரஸின் வேறொரு ஜீனையும் சேர்த்து ஓட்டினால் எது என்று தெரிந்துவிடும்.

கிட்டங்கிக் கணக்கு:
சாம்பிளில்தான் பாதிப்பேர் கோட்டைவிடுவது. மேல் அடுக்கு மூட்டையில் ஒரு கை அள்ளி அனுப்பினால் அந்த அறிக்கைக்கு மதிப்பில்லை. லோடு ஏற்றும்போதே எல்லா அடுக்கிலிருந்தும் எடுத்துக் கலந்து, மூன்று பங்காக்கி சீல் வையுங்கள்: லேபுக்கு ஒன்று, வாங்குகிறவருக்கு ஒன்று, உங்களிடம் ஒன்று. தகராறு வந்தால் மூன்றாவதுதான் பேசும்.

பருத்தியை வேறு கிட்டங்கிக்கு மாற்றுவதே நல்லது. நடுவில் தார்ப்பாய் தொங்கவிட்டால் பஞ்சுத்தூசி நிற்காது. புதுச் சாக்கு மட்டும். தரையைத் துடைப்பத்தால் கூட்டினால் தூசி எழும்பி மறுபடி வத்தலில்தான் உட்காரும், வேக்குவம் போடுங்கள். மூட்டை தைக்கும் இடத்தில் முழுப் பருத்திக்கொட்டை கிடக்கிறதா பாருங்கள். முளைக்கும் கொட்டை என்றால் அது கார்டஹேனா உடன்படிக்கை (ஜிஎம் உயிரிகளை நாடு கடத்துவது பற்றிய சர்வதேச ஒப்பந்தம்) சொல்லும் ‘உயிருள்ள’ மாற்றுயிரி, தூசியை விடப் பெரிய தலைவலி.

இதில் மூழ்கி அஃப்ளடாக்சினை (பூஞ்சை விடும் நஞ்சு) மறந்துவிடாதீர்கள் அண்ணே. ஐரோப்பிய வரம்பு: அதில் பி1 என்ற வகை ஒரு கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், எல்லா வகையும் சேர்த்து 10. கடற்கரைக் காற்றில் ஈரம் ஏறிய வத்தல் அதில்தான் முதலில் மாட்டும். சோடை வத்தலைப் பிரித்துவிட்டுத்தான் மூட்டை கட்டவேண்டும்.

தொண்டிக்கரை:
தெளிவாச்சு. அதே ஆள் இறாலும் கேட்கிறார். பண்ணைத் தீவனத்தில் சோயாப் புண்ணாக்கு இருக்கிறதே?

துறைமுகத் தாள்:
ஜிஎம் தீவனம் தின்ற இறாலுக்கு ஐரோப்பாவில் ஜிஎம் லேபிள் தேவையில்லை. ஆனால் அவர் ஜெர்மனியின் ‘ஓனே கென்டெக்னிக்’ (ஜிஎம் இல்லாதது) முத்திரையில் விற்பவர் என்றால் தீவனமும் ஜிஎம் இல்லாததாக இருக்கவேண்டும். 2021-இல் 12 லட்சம் டன் ஜிஎம் சோயாப் புண்ணாக்கை இறக்க நம் அரசே விட்டது, புண்ணாக்கு உயிரற்றது என்ற காரணத்தால். அதனால் ‘இந்தியச் சோயா, கவலை வேண்டாம்’ என்ற வாய்ச்சொல் செல்லாது. தீவனக் கம்பெனியிடம் பேட்ச் எண்ணோடு எழுதி வாங்குங்கள்.