தொடங்கும்போதே அணையிற கம்பியூட்டர்: திருகோணமலைப் பக்கம் கண்டவை

உப்புவெளி:
கடற்கரையோர வீட்டு மெஷின். விசிறி சுத்தும், ஒரு பீப் வரும், திரையில மதர்போட் பேர் தெரியும், டக்கெண்டு அணையும். ரெம், பவர் சப்ளை ரெண்டும் மாத்தியும் அதே கதை. நேரம் பிடிச்சுப் பாத்தால் ஒவ்வொரு முறையும் 4 செக்கன். பவர் பட்டனை 4 செக்கன் அமத்திப் பிடிச்சால் போர்ட் தானா அணைக்கும்தானே. முன் பெனலைக் கழட்டினால், பட்டனுக்குப் பின்னால இருக்கிற சின்ன சுவிட்ச் உள்ளுக்குப் போய் ஒட்டிக்கொண்டு, பத்து செக்கனுக்குப் பிறகுதான் மெல்ல வெளிய வருது. அதின்ர காலில பச்சையாப் பூத்த உப்பு. போர்டில அந்தச் சுவிட்ச் வயர் மாட்டியிருக்கிற ரெண்டு பின்னில இருந்தும் வயரை உருவிப்போட்டு, ஸ்குறூ ட்ரைவர் நுனியால ரெண்டு பின்னையும் ஒருக்கா தொட்டு எடுக்க, விண்டோஸ் வரைக்கும் போச்சு. ரீசெட் பட்டன்ர வயரைக் கொண்டுவந்து அந்தப் பின்னில மாட்டியாச்சு. செலவு ஒண்டுமில்ல.

கிண்ணியா:
4 செக்கன் எண்டா மட்டும்தான் அது. எல்லாரும் பட்டனைக் கழட்டப் போயிராதீங்க. ஒரு செக்கனுக்குள்ள அணைஞ்சா அநேகமா ஷோர்ட், கரண்ட் படக்கூடாத இடத்தில உலோகம் படுறது. இங்க ஒரு மெஷின் கேஸ் மாத்தின அன்றே அப்பிடி. விசிறி அரைச் சுத்துச் சுத்தி நிக்கும். போர்டைத் தூக்கினா, ஓட்டையே இல்லாத இடத்தில போர்டைத் தாங்கிற பித்தளைக் கால் ஒண்டு மிச்சமா நிக்குது, போர்டின்ர அடியில அது குத்தின தடம் பளபளக்குது. போர்டை வெளிய எடுத்து வெறும் கார்ட்போட் பெட்டியில வெச்சு, சிபியு, கூலர், ஒரு ரெம் மட்டும் போட்டுப் பாருங்க. வெளிய ஓடி உள்ளுக்க ஓடலன்னா கேஸ்தான்.

நிலாவெளி:
பயொஸுக்குள்ள (விண்டோஸுக்கு முந்தி வாற செட்டிங் திரை) விட்டாலும் அரை நிமிசத்தில அணைஞ்சது. வெப்பநிலையைப் பாத்துக்கொண்டு இருக்க 60, 75, 90, பிறகு இருட்டு. சிபியுவைக் குளிராக்கிற இன்ரெல் பழைய கூலர், நாலு பிளாஸ்ரிக் காலில ஒண்டு கழண்டு, கூலர் ஒரு பக்கம் தூக்கி நிண்டது. விசிறி சுத்தினபடியால் ஒருத்தரும் கூலரைச் சந்தேகப்படேல்ல. சிபியுவுக்கும் கூலருக்கும் நடுவில பூசிற பழைய பேஸ்ற்றைத் துடைச்சு, அரிசி அளவு புதுசு வைச்சு, காலை மூலைக்கு மூலை அமத்தோணும். போர்டின்ர பின்பக்கம் நாலும் வெளிய வந்து விரிஞ்சிருக்கோ எண்டு கட்டாயம் பாருங்கோ.

மூதூர்:
"பேப்பர் கிளிப் போட்டம், விசிறி சுத்துது, பவர் சப்ளை நல்லது" எண்டு ஆரும் எழுத முந்திச் சொல்லுறன். பவர் சப்ளையின்ர 24 பின் பிளக்கில பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பையும் கிளிப்பால இணைச்சால் சுமை இல்லாமலே விசிறி சுத்தும். அது சோதனையே இல்லை. எல்லாத்தையும் மாட்டி, ஹார்ட் டிஸ்க் பிளக்கின்ர மஞ்சளிலும் கறுப்பிலும் மீற்றரை வைச்சுக்கொண்டு ஓட விடுங்கோ. 11.4 வோல்றுக்கும் 12.6 வோல்றுக்கும் இடையில நிக்கோணும். இங்க ஒரு தட்டச்சுக் கடை மெஷினில 11.9 காட்டினது, விண்டோஸ் லோகோ வரும் நேரம் 10.8க்கு விழுந்து அணைஞ்சது. பவர் சப்ளையைத் திறந்து கப்பாசிற்றர் மாத்தப் போகாதேங்கோ. பிளக்கைக் கழட்டினாலும் உள்ளுக்க 300 வோல்றுக்கு மேல கொஞ்ச நேரம் நிக்கும்.
யூபிஎஸ்ஸில (கரண்ட் போனால் பற்றரியில ஓட்டுற பெட்டி) ஓடினால் நேரா சுவரில மாட்டிப் பாருங்கோ. பற்றரி செத்த யூபிஎஸ்ஸும் இப்பிடித்தான் ஏய்க்கும். வாடைக் காலத்தில உப்புக்குப் பயந்து பொலித்தீன் உறை போடுறவை, அணைச்சு ஆறின பிறகு போடுங்கோ. ஓடேக்க போட்டால் நிலாவெளிக்காரர் சொன்ன 90தான்.

கிண்ணியா:
யூபிஎஸ் பத்தி யாரு கேட்டா? உப்புவெளி, ரீசெட் வயரை மாட்டேக்க பிளஸ் மைனஸ் பாக்கோணுமா?

உப்புவெளி:
தேவையில்ல, அது வெறும் சுவிட்ச். லைற் வயருக்குத்தான் பக்கம் பாக்கோணும்.