ஈமுவில் பணம் போட்டவர்களைப் பேராசைக்காரர்கள் என்று சொல்லலாமா?

பெருந்துறைக்காரன்:
2012-ல், ஈமு என்ற பெரிய பறவையை வளர்க்கச் சொல்லிப் பணம் வாங்கிய ஈமு கம்பெனிகள் மூடியதைப் பற்றி எங்கே பேச்சு வந்தாலும் "பேராசை பெருநஷ்டம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அன்றைக்கு நிலைமை என்ன? 2010 கடைசியில் ஈரோட்டில் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டிய மஞ்சள், 2012-ல் 5,000-க்குக் கீழே வந்துவிட்டது. மழையும் இல்லை. ஆயிரம் அடி போர் போட்டாலும் புழுதிதான் வந்தது. அந்த நேரத்தில் ஒருவன் வந்து, ஒன்றரை லட்சம் கட்டுங்கள், ஆறு குஞ்சு தருகிறோம், கொட்டகையும் தீவனமும் எங்கள் பொறுப்பு, மாதம் 6,000 தருகிறோம் என்றால் விவசாயி என்ன செய்வான்? ஏமாந்தவனைக் குறை சொல்லச் சொல்ல, ஏமாற்றியவன் தப்பித்துக்கொள்கிறான்.

கொடுமுடி வாசகி:
அண்ணா, மஞ்சள் உச்ச விலைக்குப் போன வருடத்திலும் நம் பக்கம் ஈமு கொட்டகை போட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். அதனால் வறட்சி மட்டும் காரணம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். மாதம் 6,000 என்றால் வருடத்துக்கு 72,000. ஒன்றரை லட்சத்துக்கு 48 சதவீதம். போனஸ் தனி, இரண்டு வருடத்தில் கட்டிய பணமும் திரும்ப வருமாம். ஏலச்சீட்டில் தள்ளுபடி நூறு ரூபாய் கூடினால்கூடக் கேட்கிற ஊர் நம் ஊர். இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கட்டினார்கள். ஈமு கறியை எந்தக் கடையில் விற்கிறார்கள், யார் வாங்கித் தின்கிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டவர்களைப் பிழைக்கத் தெரியாதவர்கள் என்றார்கள். ஆசை முதலில் வாயைத்தான் கட்டிப்போடுகிறது.

அவிநாசி ரோடு:
சட்டம் அப்படிப் பார்க்கவில்லையே அக்கா. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-லிருந்து இருக்கிறது. திருப்பூரில் பணம் வசூலித்த 'பாசி' என்ற நிதி நிறுவனத்தின் வழக்கில் 900 கோடிக்கு மேல் மோசடி. 2022 ஆகஸ்டில் கோவை நீதிமன்றம் நடத்தியவர்களுக்கு 27 வருடம் சிறை கொடுத்தது. பணம் போட்டவர்கள் அங்கே பாதிக்கப்பட்டவர்கள்தான்.

கொடுமுடி வாசகி:
தம்பி, நடத்தியவர்களுக்கு 27 வருடம் கொடுத்ததும் போதாது என்றே நான் நினைக்கிறேன். என் பேச்சு அது இல்லை. ஆசைப்பட்ட மனுசனுக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன்.

எங்கள் பெரியப்பா முதலில் ஒரு கொட்டகைதான் போட்டார். ஆறு மாதம் பணம் சரியாக வந்தது. அதோடு நின்றிருந்தால் நீங்கள் சொல்கிற விவசாயிதான் அவர். ஆனால் வந்த பணத்தையும் சேர்த்துக் கட்டி, பெரியம்மா நகையை அடகு வைத்து இன்னும் இரண்டு கொட்டகை போட்டார். அப்புறம் ஆள் சேர்த்துவிட்டால் கமிஷன் என்றார்கள். முதலில் மச்சானைச் சேர்த்தார், அடுத்து பங்காளிகள் இரண்டு பேரை. அதுவரை யாரிடமும் ஒரு ரூபாய் தப்பாக வாங்காதவர். கமிஷன் வாங்கியதை மச்சானிடம் சொல்லவே இல்லை. கம்பெனி மூடிய பிறகுதான் வெளியே தெரிந்தது. நகையை எப்படியோ மீட்டுவிட்டார்கள். மச்சான் வீட்டு விசேஷத்துக்கு மட்டும் இன்றுவரை அழைப்பு இல்லை.

பெருந்துறைக்காரன்:
கமிஷன் வாங்கியது தப்பு, அதை நான் மறுக்கவே மாட்டேன். ஒரு தடவை கட்டி ஏமாந்தவனையும் அவரையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்பதுதான் என் பேச்சு. இன்னொன்று, ஆசையே படாமல் இருந்திருந்தால் திருப்பூரில் பனியன் தொழில் வந்திருக்குமா? கோவையில் மோட்டார் பம்பு செய்திருப்பார்களா?

நொய்யல் கரை:
அதே திருப்பூரைத்தான் நானும் சொல்ல வந்தேன். சாயத்தண்ணீரைச் சுத்தம் செய்யும் செலவை மிச்சம் பிடிக்க நொய்யல் ஆற்றில் விட்டார்கள். ஒரத்துப்பாளையம் அணையில் சாயக்கழிவு தேங்கியது, கீழே இருந்த காடெல்லாம் கெட்டது. கடைசியில் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவில் சாயப்பட்டறைகளையே மூட வேண்டி வந்தது. மிச்சம் பிடித்தவர்களின் பட்டறையும் அதில்தான் இருந்தது. தொழில் ஆசை வேறு, இது வேறு.

அவிநாசி ரோடு:
பட்டினி கிடந்த ஈமுக்களை யாரும் பேசவில்லை. கம்பெனிக்காரர்கள் ஓடிய பிறகு கால்நடைத் துறைதான் தீவனம் போட்டது. சில இடங்களில் அவிழ்த்தே விட்டுவிட்டார்கள்.

கொடுமுடி வாசகி:
பெருந்துறை அண்ணா, ஒன்று கேட்கிறேன். பெரியப்பா பையன் இப்போது வாட்ஸப்பில் ஏதோ ஆன்லைன் டிரேடிங் குரூப்பில் சேர்ந்திருக்கிறான். மாதம் எட்டு சதவீதமாம். அவனிடம் நான் என்ன சொல்ல?

பெருந்துறைக்காரன்:
பங்குச்சந்தையைக் கண்காணிக்கிற செபியில் பதிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பணத்தை வெளியே எடுக்க முடிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். விவரம் தெரிந்தால் போட மாட்டான்.

கொடுமுடி வாசகி:
விவரமெல்லாம் அவனுக்குத் தெரியும் அண்ணா. பி.காம் படித்தவன். வீட்டில் ஈமு கொட்டகையின் கம்பிவேலியை இன்னும் பிரிக்கவில்லை, தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போகிறான். இந்த வாரம் என்னையும் அந்தக் குரூப்பில் சேரச் சொல்கிறான். சேர்த்துவிட்டால் அவனுக்கு என்ன கிடைக்கும் என்று கேட்டேன், பதில் சொல்லவில்லை.