ஸ்பானிஷில் பழுப்பு நிறம்: மர்ரோனா, கஃபேயா, கஸ்தான்யோவா?

மாட்ரிட்டிலிருந்து:
அகராதியில் முதலில் கிடைப்பது 'மர்ரோன்'. ஸ்பெயினில் கண், செருப்பு, சுவர், பெட்டி எல்லாவற்றுக்கும் அது போதும். தலைமுடிக்கு மட்டும் ஒட்டாது. அதற்கு 'பேலோ கஸ்தான்யோ'. பழுப்புக் கரடி 'ஓசோ பார்தோ'. பழுப்புச் சர்க்கரை 'அதூகர் மொரேனோ'. தவிடு நீக்காத அரிசி கேட்கும்போது நிறச்சொல்லே வராது, 'அர்ரோத் இன்தெக்ரால்' என்றுதான் பாக்கெட்டில் இருக்கும். 'அர்ரோத் மர்ரோன்' என்று தேடி அலைய வேண்டாம்.

இலக்கணம் பற்றி ஒன்று சேர்க்கிறேன்:
நம்மவர்களுக்கு வழுக்கும் இடம் பன்மை. தமிழில் பழுப்புக் கண், பழுப்புக் கண்கள் என்று நிறச்சொல் அசையாமல் நிற்கும். ஸ்பானிஷில் கண் என்ற 'ஓஹோ' பன்மையானால் 'ஓஹோஸ் மர்ரோனெஸ்'. எழுதும்போது மர்ரோனில் ஓகாரத்தின் மேல் இருக்கும் அழுத்தக்குறி பன்மையில் போய்விடும். அதை விடாமல் போடுவதுதான் அடிக்கடி வரும் பிழை. ஆண்பால் பெண்பாலுக்கு மர்ரோன் மாறாது. கஸ்தான்யோ மாறும்: கஸ்தான்யா, கஸ்தான்யோஸ், கஸ்தான்யாஸ்.

அடர்நிறத்தைக் குறிக்கும் 'ஒஸ்கூரோ', வெளிர்நிறத்தைக் குறிக்கும் 'க்ளாரோ' சேர்ந்தால் கதை வேறு. 'ஓஹோஸ் மர்ரோன் ஒஸ்கூரோ' என்பதில் கண்கள் மட்டுமே பன்மை, பின்னால் வரும் இரண்டும் ஒருமை. நடுவில் 'நிறம்' என்ற சொல் மறைந்திருக்கிறது; ஒஸ்கூரோ அந்த நிறத்துக்குத்தான் அடைமொழி, கண்களுக்கு அல்ல. இது பிடிபட்டால் நீலம், பச்சைக்கும் இதே வழி.

மெக்சிகோ நகரத்திலிருந்து:
இங்கே மர்ரோன் என்றால் புரியும், ஆனால் கடையிலும் வீட்டிலும் புழங்குவது 'கஃபே', அதாவது காபி. கொலம்பியா, சிலியிலும் அப்படித்தான். 'ஓஹோஸ் கஃபே', 'ஓஹோஸ் கஃபேஸ்' இரண்டும் சரி. ஒரு பொருளின் பெயரையே நிறமாக்கியதால் கிடைத்த சலுகை இது. ஆரஞ்சுப் பழத்தின் 'நரான்ஹா', ரோஜாவின் 'ரோசா' ஆகியவற்றுக்கும் உண்டு. கார் ஆண்பால் சொல் என்பதற்காக 'கார்ரோ ரோசோ' ஆக்காதீர்கள், 'கார்ரோ ரோசா'தான். பால் காட்டி மாறும் சொல் வேண்டுமென்றால் 'ரோசாதோ' இருக்கிறது.

கரீபியன் பக்கத்திலிருந்து:
கியூபாவில் இதே நிறம் 'கார்மெலீத்தா'. கார்மேல் சபைத் துறவிகளின் அங்கி நிறம். ஆகாரத்தில் முடிந்தாலும் ஆண்பால் சொல்லோடும் அப்படியே வரும்: பழுப்புச் செருப்பு 'சப்பாத்தோ கார்மெலீத்தா'.

வெனிசுவேலா போகிறவர்கள் கவனிக்க: காபிக்கடையில் 'உன் மர்ரோன்' (ஸ்பானிஷ் 'உன்' என்றால் 'ஒரு') என்றால் பால் விட்ட காபி வந்துவிடும். 'க்ளாரோ' என்றால் பால் தூக்கலாக, 'ஒஸ்கூரோ' என்றால் டிகாக்ஷன் தூக்கலாக.

மாட்ரிட்டிலிருந்து மறுபடியும்:
ஆளை அடையாளம் சொல்ல மர்ரோன் வேண்டாம். ஸ்பெயினில் 'மொரேனோ' என்றால் கருமுடிக்காரர், அல்லது வெயிலில் கறுத்தவர். அலுவலகத்தில் 'மெ ஹே கொமீதோ உன் மர்ரோன்' என்று ஒருவர் புலம்பினால், யாரும் செய்ய விரும்பாத வேலை அவர் தலையில் விழுந்திருக்கிறது என்று பொருள்.