ஐயா பினாங்குல இருந்து கொண்டாந்த ஆர்ச்டாப் கிடார், ப்ரிட்ஜ ஒட்டலாமா?

பெரியவீட்டுப் பையன்:
காரைக்குடி பக்கம் எங்க வீட்டுல படைப்புக்காக அறைய ஒழிச்சப்போ ஐயாவோட கிடார் பெட்டியோட கெடச்சுச்சு. நடுவுல வட்ட ஓட்டை கிடையாது, வயலின் மாதிரி ரெண்டு எஃப் ஓட்டை, மேல்பலகை மேடா வளைஞ்சிருக்கு (இதத்தான் ஆர்ச்டாப்ங்கிறாங்க), உள்ள டார்ச் அடிச்சா ஹாஃப்னர்னு கம்பெனி லேபிள். கம்பியெல்லாம் துரு, கம்பிய தாங்குற ப்ரிட்ஜ் கட்டை கழண்டு தனியா கிடக்கு, பின்பலகை ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருக்கு, மேல்பலகையில கீறல் விழாம இருக்க வைக்கிற பிக்கார்ட் தகடு பொடிஞ்சு புளிச்ச வாடை அடிக்குது. கதவு வேலைக்கு வந்த ஆசாரி ஃபெவிகால் வச்சு ஒட்டித் தரேங்கிறாரு. அப்பத்தா ஒரு தடவையாவது இது சத்தத்த கேக்கணும்ங்கிறாக. என்ன செய்யலாம்?

மரமும் கம்பியும்:
தம்பி, ஆசாரிய கொஞ்சம் நிறுத்துங்க! ஆர்ச்டாப்ல ப்ரிட்ஜ ஒட்டவே மாட்டாங்க, கம்பி கிடாரோட அடி ஓரத்துல டெயில்பீஸ்ங்கிற பிடியில மாட்டியிருக்கும், அந்த அழுத்தத்துலதான் ப்ரிட்ஜ் நிக்கும், கம்பி தளந்ததும் கழண்டிருக்கு, அவ்வளவுதான். கம்பி மாட்டுன பிறகு 12வது ஃப்ரெட்ல (கழுத்துல பதிச்ச உலோகக் கட்டு) கம்பிய லேசா தொட்டு மீட்டுற ஹார்மோனிக்கும் அமுக்குன சுரமும் ஒண்ணா வர்ற வரைக்கும் ப்ரிட்ஜ முன்னபின்ன நகத்தணும். பின்பலகை பிளந்தது பினாங்கு ஈரத்துல இருந்துட்டு நம்ம ஊரு காய்ச்சலுக்கு மரம் சுருங்கினதாலயா இருக்கும், மரம் கீறாம பசை விட்டது நல்லதுதான். அதுக்கு வஜ்ரம்தான் (தோலக் காய்ச்சி எடுக்குற பசை) சரி, சூடு காட்டுனா பின்னாடி திறக்கலாம், ஃபெவிகால் போட்டா அடுத்த ரிப்பேர்காரர் பாடு திண்டாட்டம். பொடியுற பிக்கார்ட இன்னைக்கே பெட்டியவிட்டு வெளிய எடுங்க, பழைய செல்லுலாய்டு பிளாஸ்டிக் விடுற ஆவி பக்கத்துல இருக்குற இரும்பு, பித்தளைய அரிச்சிரும்.

சாயங்கால ராகம்:
பிளந்தத ஒட்டுற வரைக்கும் கம்பிய முறுக்காதீங்க. அப்புறமும் நேரா தடிச்ச 13 நம்பர் கம்பி போடாம மெல்லிசான 11ல ஆரம்பிங்க. ஒரே கம்பிய முதல் ஃப்ரெட்லயும் கடைசி ஃப்ரெட்லயும் அமுக்கிப் பாத்தா நடுவுல கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் ஒரு தாள் போற சந்துதான் இருக்கணும், ரொம்ப இருந்தா நெக் (கழுத்து) வளைஞ்சிருக்கு. சத்தம் சாதா கிடார் மாதிரி ரீங்காரமா நீளாது, டக்குனு எழும்பி டக்குனு அடங்கும், அத குறைன்னு நினைச்சிராதீங்க. மைக் இல்லாத காலத்துல பேண்டு நடுவுல தாளம் கேக்கணும்னுதான் இப்படி செஞ்சாங்க, அமெரிக்காவுல கவுண்ட் பேஸியோட ஜாஸ் பேண்டுல ஃப்ரெடி கிரீன் வருஷக்கணக்கா இந்த மாதிரி கிடார்லதான் தாளத்துக்கு கார்ட் (பல சுரம் சேந்தது) வெட்டி வெட்டி வாசிச்சாரு. எனக்கு அந்த உலர்ந்த சத்தம்தான் உசிரு.

பெரியவீட்டுப் பையன்:
ரொம்ப நன்றிண்ணே, ஆசாரிகிட்ட சொல்லிட்டேன். பிக்கார்ட எடுத்தாச்சு, அதுக்கு நேரா இருந்த ஸ்க்ரூ பச்சை புடிச்சிருக்கு. துணியால தூசி தொடச்சப்போ வார்னிஷ்ல ப்ரிட்ஜோட ரெண்டு கால் தடமும் தெரிஞ்சுச்சு, கொஞ்சம் சாய்வா, ஐயா வச்ச இடம். அங்கயே வச்சு ஆரம்பிக்கிறேன். மதுரையில வஜ்ரம் வச்சு ஒட்டுறவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்கண்ணே, பஸ்ல மடியில வச்சே கொண்டாந்திருவேன்.