கொமன் லோ சேர்ட்டிஃபிக்கேட் முடிச்சு லண்டன் எல்.எல்.பி.க்குப் போகலாமா?

களுவாஞ்சிக்குடி_மகள்:
ஏ.எல்.ல ரெண்டு பாடம்தான் பாஸ். லண்டன் யூனிவர்சிட்டியின் கொமன் லோ சேர்ட்டிஃபிக்கேட் எடுத்தா எல்.எல்.பி. சட்டப் பட்டத்துக்குப் போகலாமெண்டு சொல்றாங்க. உண்மையா? பகல்ல வேலை. மட்டக்களப்பில இருந்து செய்ய ஏலுமா?

வாவிக்கரை:
போகலாம் தங்கச்சி. நாலு பாடம்: கொன்ட்ராக்ட், கிரிமினல், பப்ளிக் லோ, லீகல் சிஸ்டம். ஒவ்வொன்றும் 30 கிரெடிட், மொத்தம் 120. எல்.எல்.பி.க்கு 360 வேணும். இந்த 120உம் அதில கழிபடும். ஆனா வேற கம்பஸ் அந்தக் கிரெடிட்டை ஏற்கும் எண்டு நம்பி இறங்காதீங்க. அதுக்கு முதல் ஒரு வேலை: உங்கட ரிசல்ட் ஷீட்டை அனுப்பி, நேரே எல்.எல்.பி.க்கே எடுப்பாங்களா எண்டு எழுத்தில கேளுங்க. எடுத்தா சேர்ட்டிஃபிக்கேட் வீண் செலவு.

நேரம்தான் பெரிய பிரச்சினை. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணித்தியாலம் எண்டு கணக்கு, அப்ப 1200. நாற்பது கிழமையில முடிக்கக் கிழமைக்கு 30 மணித்தியாலம். வேலையோட அது நடக்காது. வருசத்துக்கு ரெண்டு பாடமாப் பிரிக்க விடுவாங்களா எண்டு பாருங்க. காசும் அப்படித்தான். ரியூஷன் பீஸை மட்டும் பார்த்துச் சேராதீங்க. யூனிவர்சிட்டிக்குப் பவுண்டில தனியா, எக்ஸாம் சென்டருக்குத் தனியா வரும்.

ஒலுவில்_வாசகன்:
நம்மட பிள்ளைகள் மார்க்ஸ் விடுற இடம் வேற. சோதினை இங்கிலாந்துச் சட்டத்தில. இலங்கை ஒப்பந்தச் சட்டம் ரோமன் டச்சு வழி, கொன்சிடரேஷன் (வாக்குக்குப் பதிலாக் குடுக்கிற பெறுமதி) இல்லாட்டியும் ஒப்பந்தம் நிக்கும். அதை அங்க எழுதினா அந்தப் பகுதி முழுக்கப் பிழை. களவும் அப்படித்தான். 1968ஆம் ஆண்டுத் தெஃப்ட் அக்டில, பொருளை நிரந்தரமா இழக்கச் செய்யும் எண்ணம் வேணும். நம்மட 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையில அது தேவையில்லை.

கேஸ் பெயரைக் கொட்டினாலும் மார்க் வராது. இப்படிக் கேப்பாங்க: திங்கள் ஒஃபர் கடிதம் கையில கிடைக்குது. புதன் ஒஃபர் செய்தவர் அதை வாபஸ் வாங்கித் தபால் போடுறார். வியாழன் மற்றவர் ஏற்புக் கடிதத்தைப் போஸ்ட் பண்றார். வெள்ளி வாபஸ் கடிதம் வந்து சேருது. ஒப்பந்தம் உண்டா? உண்டு, வியாழனே. ஏற்பு தபாலில போட்ட உடனே செல்லும், 1818 ஆடம்ஸ் எதிர் லின்ட்செல். வாபஸ் கையில கிடைச்சாத்தான் செல்லும், 1880 பேர்ன் எதிர் வான் டீன்ஹோவன். விடை எழுதுற ஒழுங்கு இது: பிரச்சினை, விதி, இந்தத் தேதிகளுக்கு அது பொருந்துற விதம், முடிவு. மூன்றாவதைத்தான் எல்லாரும் ரெண்டு வரியில தாண்டிப் போறாங்க, மார்க் கிடக்கிறது அங்கதான்.

வாவிக்கரை:
நானா சொன்னது சரி. பாஸ் மார்க் 40.

களுவாஞ்சிக்குடி_மகள்:
நன்றி. இதால லோயர் ஆகலாமா? பழைய நோட்ஸ் காணுமா?

ஒலுவில்_வாசகன்:
எல்.எல்.பி. மட்டும் கறுப்புக் கோட் தராது மகள். சட்டக் கல்லூரிப் பரீட்சையும் பயிலுநர் காலமும் இருக்கு.

பழைய நோட்ஸில, களவு போன்ற குற்றங்களில நேர்மையீனத்தை அளக்கிற பழைய கோஷ் டெஸ்ட் இருந்தா வெட்டிருங்க. 2017 ஐவி கேஸ் அதை மாத்திட்டு, 2020இல பார்ட்டன் அண்ட் பூத் உறுதிப்படுத்திட்டு. தீர்ப்புகளை பெய்லி (BAILII) எண்ட இணையத்தளத்தில இலவசமா வாசிக்கலாம். ஒரு கேஸுக்கு அரைப் பக்கத்துக்கு மேல எழுதாதீங்க.